கௌபாய் இடுப்புல இல்லாத கௌபாய் பக்கிள்

கௌபாய்னு சொன்னதும் கண்ணு முன்னாடி வர்ற உருவத்துல தொப்பி, பூட்ஸ், அப்புறம் இடுப்புல உள்ளங்கை அகலத்துக்கு மின்னுற ஒரு வெள்ளி பக்கிள், இந்த மூணும் கண்டிப்பா இருக்கும். முதல் ரெண்டும் சரி. மூணாவதுலதான் சிக்கல். 1870, 80கள்ல டெக்சாஸ், கேன்சாஸ் பக்கம் நிஜமாவே மாடு ஓட்டிட்டு இருந்தவங்களோட பழைய போட்டோக்களை எடுத்து இடுப்புப் பக்கம் மட்டும் உத்துப் பாருங்க. தோட்டா சொருகுற துப்பாக்கி பெல்ட் சில பேருக்கு இருக்கும், அதுல இரும்புலயோ பித்தளையிலயோ ஒரு சாதாரண வளையம் இருக்கும், அவ்வளவுதான். பேண்ட்டைப் பிடிச்சு நிறுத்துனது பெல்ட்டே இல்ல, தோள் வழியா போற சஸ்பெண்டர், இல்லனா பேண்ட்டுக்குப் பின்னாடி வச்சுத் தைச்சிருந்த ஒரு சின்னப் பட்டையை இழுத்து இறுக்கிக்கிறது.

இதுக்கு லீவைஸ் ஜீன்ஸே சாட்சி. ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் செம்பு ரிவெட் அடிச்ச பேண்ட்டுக்கு பேடன்ட் வாங்குனது 1873ல. அந்தப் பேண்ட்ல பெல்ட் நுழைக்க லூப்பே கிடையாது, சஸ்பெண்டர் மாட்ட பட்டன்தான் இருந்துச்சு. லூப் வந்தது 1922ல! அதாவது டெக்சாஸ்லேர்ந்து வடக்கே ஆயிரக்கணக்குல மாடுகளை ஓட்டிட்டுப் போன காலம் முடிஞ்சு 30 வருஷத்துக்கு மேல ஆனப்புறம். அந்தக் காலமும் ரொம்ப சின்னது, அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிஞ்ச கையோட 1866 வாக்குல ஆரம்பிச்சு 1880கள் கடைசில முடிஞ்சே போச்சு, நடுவுல 1874ல ஜோசப் கிளிடன் முள்கம்பிக்கு பேடன்ட் வாங்கி திறந்த வெளியை எல்லாரும் வேலி போட்டு அடைக்க ஆரம்பிச்சது ஒரு அடி, 1886-87 குளிர்காலத்துல மாடுங்க கொத்துக் கொத்தா செத்து விழுந்தது இன்னொரு அடி.

சம்பளத்தையும் யோசிச்சுப் பாருங்க. மாசம் 30, 40 டாலர். அதுலதான் சேணம் வாங்கணும், பூட்ஸ் வாங்கணும், ஊருக்குள்ள வந்தா குடிக்கணும் சூதாடணும், இதுல இடுப்புக்கு வெள்ளி எங்கேர்ந்து வரும். கையில காசு சேர்ந்தா கௌபாய் போட்டது சேணத்துல, ஏன்னா நாள் முழுக்க உக்கார்றது அதுலதான். கௌபாய்கள்ல கால்வாசி பேர் வரைக்கும் கறுப்பினத்தவங்கன்னு வரலாற்று ஆசிரியர்கள் மதிப்பிடுறாங்க, மெக்சிகோக்காரங்களும் கணிசமா இருந்தாங்க, இதெல்லாம் சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித் தரல.

அப்போ பக்கிள் மொத்தமும் டூப்பு பாரம்பரியமான்னு கேட்டா, அப்படியும் சொல்ல முடியாது. என் அபிப்ராயம் என்னன்னா, அதை மாட்டிக்கிற பழக்கம்தான் புதுசு, அதைச் செய்யுற கைத்தொழில் ரொம்பப் பழசு. அந்த வேலை முதல்ல மனுஷன் இடுப்புல இல்ல, குதிரை மேல இருந்துச்சு.

கதை மெக்சிகோவுல ஆரம்பிக்குது. ஸ்பெயின்காரங்க 1519ல கோர்டெஸ்ங்கிற படைத் தலைவனோட குதிரையை இறக்குனாங்க, 1546ல ஸகாடெகாஸ்ல வெள்ளிச் சுரங்கம் கிடைச்சுது, குதிரையும் வெள்ளியும் ஒரே நாட்டுல சேர்ந்தா பணக்காரப் பண்ணையார் என்ன செய்வான், குதிரைக்கு வெள்ளி பூட்டுவான். கடிவாளம், குதிமுள் (குதிரையை விரட்ட பூட்ஸ் குதிகால்ல மாட்டுற முள்), சேணத்தோட முன்கொம்பு, எல்லாத்துலயும் வெள்ளி. பியூப்லா பக்கத்துல அமோஸோக்னு ஒரு ஊர், இரும்புல பள்ளம் வெட்டி அதுக்குள்ள வெள்ளியை அடிச்சு இறக்கிக் குதிமுள் செய்யுறதுக்கே பேர் போனது. அங்க மாடு மேய்ச்ச வக்கேரோக்கள்தான் கௌபாய்க்கு வாத்தியார். லாசோ (மாட்டைப் பிடிக்க வீசுற சுருக்குக் கயிறு), ராஞ்ச் (மாட்டுப் பண்ணை), ரோடியோ (முரட்டுக் காளை, குதிரை மேல ஏறிக் காட்டுற கௌபாய் போட்டி) எல்லாமே ஸ்பானிஷ் வார்த்தை, அவ்வளவு ஏன், வக்கேரோங்கிற வார்த்தையே இங்கிலீஷ்காரன் வாயில தேஞ்சு பக்கரூ ஆயிடுச்சு. சேணத்துலயும் பெல்ட்லயும் பதிக்கிற வட்ட வெள்ளி வில்லைக்கு கான்ச்சோன்னு பேரு, அது ஸ்பானிஷ்ல சிப்பிக்குச் சொல்ற கான்ச்சாவுலேர்ந்து வந்தது.

இந்த வெள்ளி மோகம் கலிஃபோர்னியா, நெவாடா பக்கம் அப்படியே ஒட்டிக்கிச்சு, டெக்சாஸ்ல அவ்வளவா இல்ல, டெக்சாஸ் குதிமுள்ளைப் பார்த்தா அது பாட்டுக்கு உழைக்கிற இரும்பு மாதிரி இருக்கும், கலிஃபோர்னியாது கல்யாண வீட்டுக்குக் கிளம்புன மாதிரி இருக்கும். நெவாடாவுல எல்கோங்கிற சின்ன ஊர்ல ஜி.எஸ். கார்ஸியான்னு ஒரு சேணக்காரர் கடை வச்சிருந்தார், கடிவாளம் குதிமுள்ளும் அங்கேயே செய்வாங்க. அவர் செஞ்ச ஒரு சேணம் 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில தங்கப் பதக்கம் வாங்குச்சு. இன்னிக்கு வெஸ்டர்ன் பக்கிள்ல நீங்க பார்க்குற அந்தச் சுருள் சுருளான கொடியும் இலையும் இந்த மாதிரி பட்டறைகள்ல கடிவாளத்தோட கன்னத் தகட்டுல வெட்டிப் பழகுன வேலைதான்.

இன்னொரு கிளை அமெரிக்காவோட தென்மேற்குல இருக்குற நவஹோ பழங்குடிங்களோடது. அட்சிடி சானிங்கிறவர்தான் அவங்கள்ல முதல் உலோக வேலைக்காரர்னு சொல்றாங்க, மெக்சிகோ கொல்லர்கிட்ட முதல்ல இரும்பு வேலை கத்துக்கிட்டு அப்புறம் வெள்ளிக்கு வந்தவர். 1864ல அமெரிக்க ராணுவம் நவஹோக்களை நூத்துக்கணக்கான மைல் நடத்தியே கூட்டிட்டுப் போய் போஸ்கே ரெடொண்டோவுல அடைச்சு வச்சது, 1868ல திரும்பி வந்தாங்க, அதுக்கப்புறம்தான் வெள்ளி வேலை நல்லாப் பரவுச்சு. வெள்ளிக்கு எங்க போறது? நாணயத்தை உருக்குறதுதான், அமெரிக்க டாலர், மெக்சிகோ பெசோ. ஆரம்ப கால கான்ச்சோ பெல்ட்ல வில்லைக்கு நடுவுல டைமண்ட் வடிவத்துல ஒரு ஓட்டை இருக்கும், அது வழியா தோலை நுழைச்சு எடுப்பாங்க. பின்னாடி வில்லைக்குப் பின்புறம் செப்பு வளையம் பற்றவைக்கக் கத்துக்கிட்டதும் அந்த ஓட்டை தேவையில்லாமப் போச்சு, அந்த இடத்துல பின்னாள்ல டர்க்வாய்ஸ்ங்கிற நீலப்பச்சைக் கல்லு உக்காந்துச்சு. 1899 வாக்குல ரயில் பாதையோரம் ஹோட்டலும் கடையும் நடத்துன ஃப்ரெட் ஹார்வி கம்பெனி ரயில்ல வர்ற டூரிஸ்ட்டுகளுக்கு விக்க லேசான நகை ஆர்டர் குடுக்க ஆரம்பிச்சுது, ஏன்னா பழைய நவஹோ வெள்ளி சாதாரண ஆள் தூக்கிட்டுத் திரிய முடியாத கனம். பழங்குடி செஞ்சதுன்னு பொய் சொல்லி விக்கிறது அமெரிக்காவுல இப்போ குற்றம், 1990லேர்ந்து அதுக்குன்னு கடுமையான சட்டமே இருக்கு.

சரி, குதிரை மேல இருந்த வெள்ளி மனுஷன் வயித்துக்கு எப்படி வந்துச்சு? சினிமா.

1920கள் ஊமைப்படக் காலம். டாம் மிக்ஸ் மாதிரி ஹீரோக்கள் கறுப்பு வெள்ளைத் திரையில தூரத்துலேர்ந்தும் தெரியணும், அப்போ வேலைக்காரக் கௌபாயோட அழுக்குச் சட்டை வேலைக்காகாது. தொப்பி பெருசாச்சு, சட்டையில பூ வந்துச்சு, இடுப்புல வெள்ளி வந்துச்சு. இதுல முக்கியமான ஆள் எட்வர்ட் போலின். பிறந்தது ஸ்வீடன்ல ஓரேப்ரோங்கிற ஊர்ல, 1895ல. சின்ன வயசுலேயே கௌபாய் ஆகணும்னு அமெரிக்காவுக்குக் கிளம்பி வந்துட்டார், வயோமிங்ல கோடிங்கிற ஊர்ல கடை போட்டார், அப்புறம் ஹாலிவுட். டாம் மிக்ஸ் பிடிச்சுப்போய் ஆர்டர் குடுத்ததுலேர்ந்து ஏறுமுகம்தான், ஜீன் ஆட்ரி, ராய் ராஜர்ஸ்னு அந்தக் காலத்து கௌபாய் ஸ்டார்கள் போலின் வெள்ளி மாட்டாம இருந்தா ஆச்சரியம். தனக்குன்னு ஒரு சேணம் செஞ்சார், வெள்ளியும் தங்கமுமா, அதை முடிக்க 14 வருஷம் ஆச்சாம். இதே கூட்டத்துல ஜிகினாக் கல்லு வச்ச கௌபாய் சூட் தைச்சவர் நூடி கோன், அவர் பிறந்தது கீவ் நகரத்துல. ஆக அசல் அமெரிக்க கௌபாய் அலங்காரம்னு உலகமே நம்புறதுக்கு வெள்ளி வச்சவர் ஸ்வீடன்காரர், கல்லு வச்சவர் உக்ரைன்லேர்ந்து வந்த யூதர், டிசைன் மெக்சிகோவோடது. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

அதே சமயத்துல கிழக்குப் பக்கத்துப் பணக்காரங்க லீவுக்கு ராஞ்ச்ல வந்து தங்கி நாலு நாள் கௌபாய் மாதிரி இருந்துட்டுப் போற பழக்கமும் பரவுச்சு, ஜீன்ஸ்ல லூப்பும் வந்தாச்சு. படத்துல பார்த்ததை நிஜ கௌபாயும் வாங்கி மாட்ட ஆரம்பிச்சான். நிழலைப் பார்த்து நிஜம் டிரெஸ் பண்ணிக்கிட்ட கதை.

இந்தக் காலத்துல பிரபலமான ஒரு வகை ரேஞ்சர் செட். பெல்ட் முன்பக்கம் வரும்போது ஒல்லியாகும், அதுல சின்ன பக்கிள், பெல்ட்டைப் பிடிக்க ஒண்ணோ ரெண்டோ வெள்ளி வளையம், நுனியில ஒரு வெள்ளி முனை, ஆக மூணு இல்லனா நாலு துண்டு. தாம்பாளம் மாதிரி பெருசா இருந்தாத்தான் வெஸ்டர்ன்னு நினைக்கிறவங்களுக்கு இது ஏமாற்றமா இருக்கும், ஆனா வேலை தெரிஞ்சவங்க ஒரு தட்டானோட கையை எடை போடுறது இதுலதான், அவ்வளவு சின்ன இடத்துல தப்பு பண்ணா மறைக்க வழியே இல்ல.

கையால ஒரு பக்கிள் எப்படிப் பண்றாங்கன்னு கொஞ்சம் நிதானமாப் பார்ப்போம், நம்ம ஊர் நகைப் பட்டறையை எட்டிப் பார்த்தவங்களுக்கு இது சுலபமாப் புரியும். வெள்ளித் தகடு ஸ்டெர்லிங், அதாவது நம்ம கடையில சொல்ற அதே 92.5, மிச்சம் 7.5 பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி ரொம்ப மெத்துனு இருக்கும், பெல்ட்ல நாலு நாள் தாங்காது. தகட்டை வடிவத்துக்கு அறுத்து, லேசா வளைச்சு ஒரு குழிவு குடுக்கணும், ஏன்னா வயிறு தட்டை கிடையாது, தட்டைப் பக்கிள் மாட்டிட்டு குனிஞ்சா குத்தும். ஓரத்துக்கு ரெண்டு வெள்ளிக் கம்பியை முறுக்கிக் கயிறு மாதிரி ஆக்கிச் சுத்திப் பற்றவைப்பாங்க, லாசோ கயிறை ஞாபகப்படுத்துற வேலை. மேல பூ, எழுத்து, குதிரை உருவம் இதெல்லாம் தனித்தனியா நுணுக்க ரம்பத்துல அறுத்து ஒட்டுறது, பேரோட முதல் எழுத்தைத் தங்கத்துல வைக்கிறதும் உண்டு, பூவுக்கு நடுவுல மாணிக்கம் வைக்கிறதும் உண்டு.

பற்றவைக்கிறதுலதான் உசுரே இருக்கு. ஒரு பக்கிள்ல பத்துப் பதினஞ்சு இடத்துல பொடி (உருகி ரெண்டு துண்டை ஒட்டுற உலோகக் கலவை) வச்சு ஊத வேண்டியிருக்கும், கடைசி இணைப்பைச் சூடு பண்ணும்போது முதல்ல வச்சது உருகிக் கழண்டுடக் கூடாது, அதனால முதல்ல அதிகச் சூட்டுல உருகுற பொடி, அப்புறம் நடுத்தரம், கடைசியில சீக்கிரம் உருகுறதுன்னு வரிசையாப் போகணும். சூடு ஏறிப்போனா உள்ள இருக்குற செம்பு கறுத்து வெள்ளியில ஊதா நிறத்துல திட்டு விழும், அதை ராவி எடுக்குறதுக்குள்ள பாதி நாள் போயிடும். இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் நகாசு வேலை. பக்கிளை அரக்கு மாதிரி ஒரு பிசின்ல பதிச்சு அசையாம வச்சுக்கிட்டு சின்ன உளியால செதுக்குறாங்க, சில பேர் சுத்தியல் தட்டி, சில பேர் கையால தள்ளி, இப்போ நிறைய பேர் காத்தழுத்தத்துல ஓடுற கருவி வச்சு. வெஸ்டர்ன் வேலையோட அடையாளம் என்னன்னா உளியோட முகத்தைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணிட்டுச் சாய்ச்சு வெட்டுறது, அப்போ வெட்டுன ஒவ்வொரு கோடும் தனித்தனிக் கண்ணாடியாகி, மாட்டிட்டு நடந்தா வெளிச்சம் இலை மேல ஓடும். மெஷின்ல அச்சடிச்ச பக்கிள்ல சுருள் இருக்கும், இலையும் இருக்கும், ஆனா இந்த ஓட்டம் இருக்காது, பள்ளத்தோட ஓரம் மழுங்கித் தெரியும். கடைசியா பின்னணியை மட்டும் கறுப்பாக்கி மேல பாலிஷ் போடுறது, நம்ம ஊர்ல ஆக்ஸிடைஸ்டுன்னு சொல்ற அதே சமாச்சாரம்.

விலைன்னு பார்த்தா நல்ல கையால ஸ்டெர்லிங்ல செஞ்சது சில நூறு டாலர்ல ஆரம்பிச்சு ஆயிரக்கணக்குல போகும். கம்மி விலைக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் ஜெர்மன் சில்வர். வளைகாப்புக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் ரிட்டர்ன் கிஃப்டா குங்குமச் சிமிழ் குடுக்குறாங்களே, அதே பேரு. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம், இதுல சில்வரும் கிடையாது, வெள்ளைக்காரன் அதையே நிக்கல் சில்வர்னும் சொல்லுவான். மேல வெள்ளி முலாம் போட்டுட்டா கடையில வித்தியாசம் தெரியாது. பின்னாடி திருப்பிப் பாருங்க, ஸ்டெர்லிங்னோ 925ன்னோ முத்திரையும் செஞ்சவர் பேரும் இருக்கான்னு.

இனி ரோடியோ. பக்கிளுக்கு மரியாதை வந்தது சினிமாவால இல்ல, இங்கதான். செயன் ஊர்ல 1897, பெண்டில்டன்ல 1910, கனடாவுல கால்கரியில 1912ன்னு பெரிய ரோடியோக்கள் வரிசையா ஆரம்பிச்சுது. பரிசா சேணம் குடுப்பாங்க, கோப்பை குடுப்பாங்க, 1920கள்லேர்ந்து பக்கிள் குடுக்குறது பரவுச்சு. யோசிச்சா நல்ல ஏற்பாடு, ஊர் ஊரா சுத்துறவன் கோப்பையைத் தூக்கிட்டு எங்க போவான், இதுன்னா இடுப்புலயே இருக்கும், ரோடியோ பேரு, வருஷம், எந்தப் போட்டி எல்லாம் அதுலயே பொறிச்சிருக்கும், மேடையேறி விசிட்டிங் கார்டு குடுக்க வேண்டியதில்ல.

ரோடியோக்காரங்களுக்கு நிரந்தரச் சம்பளம்னு ஒண்ணு கிடையாதுங்கிறதையும் சேர்த்துப் பார்க்கணும். கைக்காசு கட்டித்தான் போட்டியில சேரணும், பெட்ரோல் செலவு அவனோடது, எலும்பு உடைஞ்சா அதுவும் அவனோடது, காளை மேல 8 செகண்ட் தாங்கலன்னா பூஜ்யம். 1936ல பாஸ்டன்ல ரோடியோக்காரங்க பரிசுப் பணம் போதலன்னு வேலைநிறுத்தம் பண்ணி ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, அதுக்கு ஆமைன்னு பேரு வச்சாங்க, மெதுவாத்தான் கழுத்தை நீட்டுனோம் ஆனா நீட்டிட்டோம்ங்கிற அர்த்தத்துல. அந்த ஆமைச் சங்கம்தான் பேரு மாறி மாறி இன்னிக்கு அமெரிக்காவோட பெரிய தொழில்முறை ரோடியோ அமைப்பா இருக்கு. 1959ல டாலஸ்ல முதல் தேசிய இறுதிப் போட்டி, 1985லேர்ந்து, 2020 தவிர, லாஸ் வேகாஸ்ல டிசம்பர் மாசம் 10 ரவுண்டு நடக்குது. உலக சாம்பியனுக்குத் தங்க பக்கிள். ரோடியோ பேச்சுல "அவன்கிட்ட எத்தனை தங்க பக்கிள்"னு கேட்டா எத்தனை தடவை உலக சாம்பியன்னு அர்த்தம். ஜிம் ஷோல்டர்ஸுக்கு 16, டிரெவர் ப்ரஸீலுக்கு 26. குதிரையில பீப்பாய்களைச் சுத்தி ஓடுற பெண்கள் போட்டியில சார்மெய்ன் ஜேம்ஸுக்கு 11, அதுல 10 தொடர்ச்சியா, அந்தப் பத்தும் ஸ்கேம்பர்ங்கிற குதிரை மேல, 1985 இறுதிப் போட்டியில அந்தக் குதிரையோட கடிவாளம் பாதி ஓட்டத்துல கழண்டு விழுந்துச்சு, கடிவாளமே இல்லாம ஓடி அந்த ரவுண்டை ஜெயிச்சாங்க. 1982ல காளைச் சவாரியில உலக சாம்பியன் ஆன சார்லி சாம்ப்சன் அந்த அமைப்புல பட்டம் வாங்குன முதல் கறுப்பினத்தவர். ஆரம்பத்துல சொன்ன அந்தக் கால்வாசிப் பேரை ஞாபகம் வச்சுக்கிட்டு இந்த வருஷத்தை இன்னொரு தடவை படிங்க.

அதனாலதான் எழுதப்படாத ஒரு விதி இருக்கு. முதல் எழுத்து போட்ட பக்கிளா, ராஞ்ச் முத்திரை போட்டதா, சும்மா பூ வேலையா, யார் வேணா வாங்கி மாட்டலாம். ஆனா சாம்பியன்னு பொறிச்ச பக்கிள் ஜெயிச்சவனுக்கு மட்டும்தான். 1980ல ஜான் ட்ரவோல்டா கௌபாய் தொப்பியோட நடிச்ச படம் ஓடுனப்புறம் ஆபீஸ் போறவங்க எல்லாம் தட்டு சைஸ்ல பக்கிள் மாட்டிட்டுத் திரிஞ்சாங்க, அதைப் பார்த்து ரோடியோக்காரங்க சிரிச்சிருப்பாங்க, கோவப்பட்டிருக்க மாட்டாங்க. அடுத்தவன் ஜெயிச்சதை மாட்டுனாத்தான் கோவம்.

கூத்து என்னன்னா, பழைய வெஸ்ட்டுன்னு சொன்னாலே ஜனங்க காசு குடுப்பாங்கன்னு தெரிஞ்சு 1960கள் கடைசியில ஒரு மோசடியே நடந்துச்சு. பணமும் பார்சலும் கொண்டுபோன வெல்ஸ் ஃபார்கோ மாதிரி பழைய எக்ஸ்பிரஸ் கம்பெனிகள் பேரு போட்டு, பின்னாடி டிஃபனிங்கிற பிரபல நியூயார்க் நகைக்கடையோட முத்திரையும் குத்தி, 19ம் நூற்றாண்டு பித்தளை பக்கிள்னு சொல்லி விக்க ஆரம்பிச்சாங்க. சந்தேகப்பட்டவங்களுக்குக் காட்ட ஒரு புத்தகம் வேற, 1950ல அச்சான மாதிரி, அதுல இந்தப் பக்கிளோட வரலாறெல்லாம் படத்தோட போட்டிருக்கும். அந்தப் புத்தகமும் டூப்பு. பக்கிளுக்குப் பொய் சொல்ல ஒரு புத்தகத்தையே அச்சடிச்ச அந்த மூளையை என்ன சொல்றது. ஆராய்ச்சியாளர்கள் 1970கள்லயே இதை உடைச்சுட்டாங்க, ஆனாலும் தாத்தா காலத்துப் பொருள்னு அதைக் கொண்டுவந்து காட்டுறவங்க இன்னிக்கும் இருக்காங்க.

கை வேலை பண்றவங்க இன்னிக்கும் இருக்காங்க, கொஞ்சம்தான். சேணம், கடிவாளம் குதிமுள், வெள்ளி, பச்சைத்தோல் பின்னல்னு நாலு தொழில்லயும் கை தேர்ந்தவங்க சேர்ந்து 1990கள் கடைசியில ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, ஓக்லஹோமா சிட்டியில இருக்குற கௌபாய் மியூசியத்துல வருஷா வருஷம் அவங்க பொருளைக் காட்சிக்கு வைக்கிறாங்க. மத்தபடி சின்ன ஊர் ரோடியோவுல குடுக்குற பரிசு பக்கிள்ல நிறைய மெஷின்ல அடிச்சு முலாம் போட்டதுதான், உருக்குனா ஒண்ணும் தேறாது. அப்படி ஒண்ணு யாரோ ஒருத்தர் பேரும் வருஷமும் போட்டு அடகுக் கடையிலயோ ஆன்லைன்லயோ சல்லிசாக் கிடைச்சா வாங்கி அலமாரியில வச்சுக்கோங்க, தப்பில்ல. பெல்ட்ல மாட்டிட்டு ரோடியோ நடக்குற ஊர்ப் பக்கம் போனீங்கன்னா முதல்ல பார்க்குற பெரியவர் கண்ணு நேரா இடுப்புக்குத்தான் வரும், அடுத்து "எந்த வருஷம் ஜெயிச்ச தம்பி, எந்தக் காளை?"ன்னு கேட்பார்.